கரைச்சல் பெட்டி பிறந்த கதை

ஹெவ்லொக் வீதியில், 120 ஆம் இலக்க பஸ்கள் உறுமிக்கொண்டு போகும் ஓரமாக ஒரு சின்ன கொமினிகேஷன். ஒரு ஃபோட்டோ கொப்பி மெஷின், ஒரு லெமினேட்டிங் மெஷின், கயிற்றில் தொங்கும் ரீலோட் கார்ட்கள், சுவரோரம் இரண்டு கணினிகள். பேத்தியின் முதலாம் தர அனுமதி விண்ணப்பத்தை அச்சடிக்க, பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஒரு நாள் மதியம் ஓர் அம்மா அங்கே வந்தார். முதலாளி அதை வாங்கிப் புதிய கணினியில் செருகினார். விண்ணப்பம் திறந்த அதே நொடியில் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. அப்டேட் தயார், இப்போதே ரீஸ்டார்ட் செய்யவா, பிறகா? கொசுவைத் தட்டுவதுபோல அவர் ‘பிறகு’ என்பதைத் தட்டினார். அன்று காலையிலிருந்து அது மூன்றாவது தட்டு.

“இது எந்நேரமும் ஒரு கரைச்சல், அன்ரி. பக்கத்து மெஷினில போடுவம். அது தங்கம். கொரோனாவுக்கு முந்தியிலிருந்து ஒரு நாளும் வாய் திறக்கேல்ல.”

பக்கத்து மெஷினில் ஓடியது விண்டோஸ் 7. விண்ணப்பம் அதில் ஒரு தடங்கலும் இல்லாமல் அச்சாகி வந்தது. அம்மாவுக்குத் திருப்தி, முதலாளிக்கும் திருப்தி. ஒன்று நச்சரித்துக்கொண்டும் மற்றது மௌனமாகவும் இருந்ததன் காரணம் எண்பது ஆண்டுக் கதை. அந்தக் கதை தொடங்கியது கணினித் திரையில் அல்ல, ஒரு காகித நாடாவிலும் கொஞ்சம் பசையிலும்.

1944. அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ‘மார்க் 1’ என்ற பெயரில் ஒரு கணிப்பு இயந்திரம் வேலைக்கு வந்தது. நீளம் 51 அடி. ஒரு பஸ்ஸையும் ஒரு வேனையும் முன்னும் பின்னுமாக நிறுத்தினால் வரும் நீளம். போர்க்காலம் என்பதால் கடற்படைக்காக இராப்பகலாக அது கணக்குப் போட்டது. அதற்குக் கட்டளை கொடுத்தது ஓர் அகலமான காகித நாடா. ஒவ்வொரு வரிசையிலும் துளையிட 24 இடங்கள் இருந்தன. துளை இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் இன்னொரு பொருள். கிரேஸ் ஹொப்பர் என்ற பெண் கடற்படை அதிகாரியும் அந்த அறையில் நாடாக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு துளை இடம் மாறினாலும் விடை தலைகீழானது. அதற்காக முழு நாடாவையும் மறுபடி துளையிட அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அதனால் அவர்கள் சைக்கிள் கடைக்காரர் டியூப்புக்குச் செய்ததையே செய்தார்கள். தப்பான துளைமேல் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டினார்கள். தவறு பெரிதாக இருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துப் புதிய துண்டைப் பொருத்தினார்கள். ஒட்டுப் போட்ட அப்படியொரு மார்க் 1 நாடாவை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பின்னாளில் பத்திரப்படுத்தியது. ‘பேட்ச்’ என்ற சொல் கணினி உலகத்துக்குள் வந்தபோது அது உவமை அல்ல, உண்மையாகவே துளையை அடைத்த ஒட்டு. அந்தத் துளையால் தப்புக் கணக்கு வந்ததே தவிர திருட்டுப் போகவில்லை. திருடன் உள்ளே வர அந்த இயந்திரத்துக்குத் தெருவாசல் இருக்கவில்லை. வாசல் வைக்க இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது.

வாசல் வந்தது. 1969 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகள் ஒன்றோடொன்று கம்பியால் இணைந்தன. ஆராய்ச்சியாளர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சின்ன ஊர் அது. பழைய கிராமத்தில் வீட்டுக் கதவைச் சாத்தாமல் தூங்குவதுபோல அங்கேயும் தூங்கினார்கள். ஒட்டுகள் காந்த நாடாவில் ஏறித் தபாலில் போய்ச் சேர்ந்தன. போய்ச் சேர்ந்த நாடாவை யாராவது ஏற்றினார்களா என்று கேட்க ஆள் இருக்கவில்லை. 1988 நவம்பர் 2 ஆம் திகதி இரவு, அந்தத் திறந்த கதவுகளை ஓர் இளைஞன் எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டான்.

கோர்னெல் பல்கலைக்கழக மாணவன் ரொபர்ட் மொரிஸ் எழுதிய சின்ன நிரல் ஒரு கணினியிலிருந்து அடுத்ததுக்குத் தானே ஊர்ந்து போகும், அதனால் அதைப் ‘புழு’ என்றார்கள். போன இடத்தில், ‘ஏற்கனவே இங்கே என் பிரதி இருக்கிறதா’ என்று கேட்கும். இருந்தால் பேசாமல் ஒதுங்க வேண்டும். ஆனால் யாராவது ‘இருக்கிறது’ என்று பொய் சொல்லி ஏமாற்றிவிட்டால்? அதற்காக ஏழு தடவையில் ஒரு தடவை, பதில் என்னவாக இருந்தாலும் புகுந்துவிடும்படி மொரிஸ் எழுதினான். ஏழில் ஒன்று மிகக் குறைவு என்று அவன் நினைத்தான். புழுவின் வேகத்துக்கு அது மிக மிக அதிகம். ஒரே கணினிக்குள் பிரதிமேல் பிரதி குவிந்து மூச்சடைத்தது. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் பத்தில் ஒன்று விழுந்ததாகக் கணக்குப் போட்டார்கள்.

பயந்துபோன மொரிஸ் நண்பனிடம் சொல்ல, அந்த நண்பன் பெயர் போடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். மன்னிப்பும் அதில் இருந்தது, புழுவைத் தடுக்கும் வழியும் இருந்தது. ஆனால் அந்தக் கடிதம் போக வேண்டிய பாதையையே புழு அடைத்துக்கொண்டிருந்தது. மருந்துச்சீட்டு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த அதிர்ச்சி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பையனின் தந்தை, அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை விஞ்ஞானி.

வழக்கு நடந்து, சிறை இல்லாமல், நன்னடத்தைக் காலமும் சமூக சேவையும் 10,050 டொலர் அபராதமுமாக முடிந்தது. அந்த இரவு விட்டுப்போன ஒரு சொல் மட்டும் நிலைத்தது. அதே நவம்பரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், இப்படியான தீ விபத்துகளுக்கு ஓடிவர ஓர் அணி அமைந்தது. அதன் பெயர் ‘சேர்ட்’. அந்தப் பெயர் பதினெட்டு ஆண்டுகள் கழித்துக் கொழும்பிலும் ஒரு கதவில் ஏறப்போவது அப்போது யாருக்கும் தெரியாது.

கொழும்புக்கு வணிக இணையம் 1995இல் வந்தது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினி வாங்கிக்கொண்டு ஹெவ்லொக் டவுனுக்கும் வெள்ளவத்தைக்கும் முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுபோன காலம் தொடங்கியது. மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக இணைப்பைப் பிடிக்கும். அதுவரை வீட்டில் யாரும் டெலிஃபோனைத் தொடக்கூடாது. 1998இல் விண்டோஸ் 98 உடன் மைக்ரோசொஃப்ட் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தது. ‘விண்டோஸ் அப்டேட்’ என்ற தளத்துக்குப் போனால் வேண்டிய ஒட்டுகளை இறக்கிக்கொள்ளலாம். மருந்தகம் திறந்தாயிற்று, ஆனால் நோயாளிதான் நடந்து வர வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் டெலிஃபோன் பில் ஏறிய ஊரில், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்கு யார் மருந்து வாங்கப் போனார்கள்? போகாதவர்களின் எண்ணிக்கையை 2001 ஜூலையில் ஒரு புழு எண்ணிக் காட்டியது.

அந்த ஜூன் 18 ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் தன் இணையச் சேவையக மென்பொருளுக்கு ஓர் ஒட்டு வெளியிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே துளை வழியாக ஒரு புழு புறப்பட்டது. அதை ஆராய்ந்த இருவர் இரவு முழுக்கக் கண்விழிக்கக் குடித்த சிவப்புச் சோடாவின் பெயர் ‘கோட் ரெட்’. புழுவுக்கும் அதையே சூட்டினார்கள். ஜூலை 19 ஆம் திகதி 14 மணித்தியாலத்துக்குள் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் விழுந்தன. அத்தனையும், ஒரு மாதமாக மருந்தகத்தில் மருந்து காத்திருக்கும்போதே விழுந்தவை. செப்டெம்பரில் ‘நிம்டா’ என்ற இன்னொரு புழு வந்தது. 2002 ஜனவரி 15 ஆம் திகதி பில் கேட்ஸ் தன் ஊழியர் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினார். புதிய வசதியா பாதுகாப்பா என்று வந்தால் இனிப் பாதுகாப்புதான் முதலில். விண்டோஸ் எழுதுபவர்கள் சில வாரங்களுக்குப் புதிய வேலையை நிறுத்திவிட்டுப் பழைய வரிகளில் ஓட்டை தேடினார்கள். ஓராண்டு கழித்து அடித்த அடி அவர்களின் சொந்த வீட்டிலேயே விழுந்தது.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. ‘ஸ்லாமர்’ என்ற புழுவின் மொத்த நீளம் 376 பைட். இந்த ஒரு பத்தியைக் கணினியில் சேமித்தாலே அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது 8.5 செக்கனுக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பத்தே நிமிடத்தில், உலகில் தான் நுழையக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதை அடைந்தது. தென் கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஏடிஎம்கள் பணம் தர மறுத்தன. இந்த ஓட்டைக்கான ஒட்டு வெளியாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதை வெளியிட்ட மைக்ரோசொஃப்ட்டின் சொந்த அலுவலகக் கணினிகள் சிலவும் அந்த ஒட்டைப் போடாமலே இருந்து மாட்டிக்கொண்டன. வைத்தியர் வீட்டிலேயே மருந்து அலுமாரியில் தூங்கியது. அதைவிட மோசமான உண்மை ஒன்று அந்த ஒகஸ்டில் வெளிச்சத்துக்கு வந்தது.

ஜூலை 16 ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் இன்னோர் ஒட்டு வெளியிட்டது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி இரண்டிலும் இருந்த ஒரு துளைக்கு. சீனாவைச் சேர்ந்த ஒரு குழு அந்த ஒட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தது. எந்த வரி மாறியிருக்கிறது? மாறிய வரி எதை அடைக்கிறது? ஒட்டின் வடிவத்தைப் பார்த்தே துளையின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை மருந்து என்றே எல்லோரும் நினைத்த பொருள் உண்மையில் ஒரு வரைபடமும்கூட. ஒட்டு வெளியாகும் நாளில் வீட்டுக்காரனுக்கும் திருடனுக்கும் ஒரே கடிதம் போய்ச் சேர்கிறது: ‘உங்கள் வீட்டில் இந்த இடத்தில் ஓட்டை’. இருவரில் யார் முதலில் எழுந்து வருகிறார் என்பதே மீதிக் கதை. ஒகஸ்ட் 11 ஆம் திகதி திருடன் முந்தினான்.

அதன் பெயர் ‘பிளாஸ்டர்’. அது புகுந்த கணினியில் திடீரென்று ஒரு கட்டம் தோன்றி, 60 செக்கனில் கணினி அணைந்துவிடும் என்று அறிவித்து, 59, 58, 57 என்று இறங்கியது. அணைந்தது, எழுந்தது, மறுபடி 60இலிருந்து எண்ணியது. மருந்து இணையத்தில் இருந்தது. இணையத்தில் ஏறினால் மறுபடி புழு. டயல்-அப் ஊர்களில் மருந்தை இறக்கச் சில நிமிடம் வேண்டும், கையில் இருந்ததோ ஒரு நிமிடம். ‘ஷட்டவுன்’ என்ற சொல்லோடு ஓர் எழுத்தைச் சேர்த்துக் கட்டளைக் கட்டத்தில் அடித்தால் அந்த எண்ணிக்கை நிற்கும் என்ற இரகசியம் வாய்மொழியாகப் பரவியது. அது தெரிந்த பையன்கள் தெருவின் வைத்தியர்கள் ஆனார்கள். ஆனால் புழுவின் உண்மையான இலக்கு வீட்டுக் கணினிகள் இல்லை. அது ஒகஸ்ட் 16 ஆம் திகதிக்காகக் காத்திருந்தது.

அன்று, பிடித்த கணினிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏவி மருந்தகத்தையே, விண்டோஸ் அப்டேட் தளத்தையே, முற்றுகையிட வேண்டும் என்று புழுவுக்குள் எழுதியிருந்தது. மருந்தகம் மூடினால் நோய்க்குத் தடையே இல்லை. ஆனால் எழுதியவன் விலாசத்தில் சறுக்கினான். அவன் குறித்த விலாசம், உண்மையான தளத்துக்கு வழிகாட்டிய ஒரு பக்க வாசல் மட்டும். மைக்ரோசொஃப்ட் அந்தப் பக்க வாசலை முன்கூட்டியே இடித்துத் தள்ளியது. படை வந்து பார்த்தபோது அங்கே கதவும் இல்லை, வீடும் இல்லை. இரண்டு நாள் கழித்து ‘நாச்சி’ என்று இன்னொரு புழு புறப்பட்டது. அது புகுந்த கணினியில் பிளாஸ்டரை அழித்து, ஒட்டையும் தானே இறக்கிப் போட்டது. உபகாரத்துக்கு வந்த அந்தப் புழுவின் நெரிசலிலேயே வலையமைப்புகள் திணறின. ஆனால் வீட்டுக்காரன் வராவிட்டால் மருந்தே அவனைத் தேடிப் போகலாம் என்பது வேண்டாத இடத்திலிருந்து நிரூபணமாகியிருந்தது.

மைக்ரோசொஃப்ட் முதலில் நாள் குறித்தது. 2003 ஒக்டோபர் முதல், ஒட்டுகள் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் மட்டும். திங்கட்கிழமை வார இறுதிக் குப்பையைக் கூட்ட, செவ்வாயில் ஒட்டு, பிழைத்தால் சரிசெய்ய மீதி வாரம் என்பது கணக்கு. செவ்வாயை ‘வெறுவாய்’ என்று ஒதுக்கி, நல்ல காரியம் எதையும் அன்று தொடங்காத தமிழனைக் கேட்டிருந்தால் வேறு நாள் சொல்லியிருப்பான். கொழும்புக் கடிகாரத்தில் அந்த ஒட்டு வந்திறங்கியது இரவு பத்தரைக்குப் பிறகு. ஊர் தூங்கப் போகும் நேரம். ஒட்டைப் பிரித்துப் பார்க்கும் கூட்டம் தூங்கவில்லை. மறுநாளுக்குத் துறைக்குள்ளேயே ஒரு பட்டப்பெயர் விழுந்தது: ‘திருட்டுப் புதன்’ என்ற பொருளில். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்ற பழமொழியைத் திருடர்கள்தான் சரியாகப் புரிந்துகொண்டார்கள். புதன் விடிவதற்குள் ஒட்டு எல்லாக் கணினிகளிலும் ஏற வேண்டும். அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, தூங்காத ஆள்.

2004 ஒகஸ்டில் எக்ஸ்பிக்கு ‘சேர்விஸ் பேக் 2’ வந்தது. தீச்சுவர் தானாகவே எழுந்து நின்றது. அப்டேட்டுகளைத் தானாக இறக்கச் சம்மதிக்கும்படி அது வலியக் கேட்டது. திரையின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் கேடயம் ஒன்று குடியேறியது. இறக்குவதும் ஏற்றுவதும் பின்னணியில் நடந்தன. கடைசிப் படியில் மட்டும் ஒரு சிக்கல். விண்டோஸ், தான் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பை யாரும் மாற்ற விடாது. ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளின் டியூப்புக்கு ஒட்டுப் போட முடியாது, இறங்கி நிறுத்த வேண்டும். ஆகவே ரீஸ்டார்ட். ஆனால் யாரோ பாதிக் கடிதத்தில் இருக்கும்போது அணைத்தால் கடிதம் போய்விடும். அதனால் பொறியாளர்கள் ஒரு சமரசம் செய்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பணிவாக எட்டிப் பார்த்து, ‘இப்போதா, பிறகா’ என்று கேட்கும் ஒரு சின்னப் பெட்டி.

அதுதான் பின்னாளில் ஹெவ்லொக் வீதியில் கொசுப்போல அடிபட்ட பெட்டி. மார்க் 1இன் காகிதத் துண்டு, மொரிஸின் ஏழில் ஒன்று, சோடாவின் பெயர் சுமந்த புழு, பிரித்துப் படிக்கப்பட்ட ஒட்டு எல்லாம் சேர்ந்து பெற்ற பிள்ளை. அது கேட்டதெல்லாம் இரண்டு நிமிடம். உலகம் முழுவதும் விரல்கள் போய் அமர்ந்த இடம் இரண்டாவது பட்டன்: ‘பிறகு’. இந்தப் ‘பிறகு’ ஒரு நாள் வராமலே போகலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

2006 ஜூலை 1 ஆம் திகதி ‘சேர்ட்’ என்ற பெயர் கொழும்புக்கு வந்தது. இலங்கையின் கணினி அவசர அணி பௌத்தாலோக மாவத்தையில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டப வளாகத்தில் அலுவலகம் கொண்டது. ஹெவ்லொக் டவுனிலிருந்து முச்சக்கர வண்டியில் சில நிமிடம். 1988 நவம்பர் இரவில் பிறந்த பெயர் பக்கத்துத் தெருவுக்கே வந்துவிட்டது. இதற்கிடையில் எக்ஸ்பிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அதன் வாரிசாக வந்த விஸ்டாவை யாருக்கும் பிடிக்கவில்லை. எக்ஸ்பியையே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வங்கி ஏடிஎம், வைத்தியசாலை ஸ்கேனர், கடைப் பில் மெஷின் எல்லாம் அதில்தான் ஓடின. 2014 ஏப்ரல் 8, சித்திரைப் புத்தாண்டுக்கு ஆறு நாள் முன்பு, எக்ஸ்பிக்கு வழக்கமான கடைசி ஒட்டு வந்தது. அதன் பிறகு மூலையில் கேடயம் கெஞ்சவில்லை. அந்த மௌனம் பலருக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த மௌனத்தின் பொருள் வேறு. எக்ஸ்பிக்கும் அதற்குப் பின் வந்த விண்டோஸ் 7க்கும் 10க்கும் அடித்தளத்தில் பழைய வரிகள் பல பொது. ஒரே கொத்தனார் ஒரே மாதிரியில் கட்டிய மூன்று வீடுகள். புதிய வீட்டின் பின்சுவரில் ஓட்டை கண்டு அடைத்தால், அடைத்த இடத்தைப் பார்த்தே பழைய வீட்டின் பின்சுவருக்குத் திருடன் போய்விடுவான். ஆயுள் முடிந்த இயங்குதளத்துக்கு வரைபடம் மட்டும் மாதாமாதம் வெளிவந்துகொண்டே இருந்தது. மருந்து வருவதுதான் நின்றது. அந்த வரைபடங்களில் மிகப் பெரியதை வரைந்து ஒளித்து வைத்திருந்தது ஒரு வல்லரசு.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் ஓர் ஓட்டை கண்டு, அதை உடைக்கும் கருவிக்கு ‘எட்டர்னல் புளூ’ என்று பெயர் வைத்துத் தனக்கென வைத்துக்கொண்டது. கருவி களவு போனது. மைக்ரோசொஃப்ட் 2017 மார்ச் 14 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, அதற்கு ஒட்டு வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, சரியாகச் சித்திரைப் புத்தாண்டு நாளில், களவாடிய குழு கருவியைப் பகிரங்கமாகக் கொட்டியது. மே 12 வெள்ளிக்கிழமை ‘வானாகிரை’ புறப்பட்டது. அது புகுந்த கணினியில் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டன. திறக்க 300 டொலர் பிட்கொயினில் கேட்டது. 150 நாடுகள், இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகள். பிரித்தானியாவில் வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பின. திருப்பதி தேவஸ்தான அலுவலகத்தின் சில கணினிகளும் பூட்டிக்கொண்டன. ஏழுமலையானுக்கும் எதிரே வந்து நின்று கப்பம் கேட்ட புழுவை நிறுத்தியது 22 வயது இளைஞன் ஒருவனின் தற்செயல்.

புழு ஒவ்வொரு தடவையும் அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன ஓர் இணைய விலாசத்தைத் தட்டிப் பார்ப்பதை மார்கஸ் ஹட்சின்ஸ் கவனித்தான். அந்த விலாசம் யாருக்கும் சொந்தமில்லை. புழு எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணலாமே என்று 10.69 டொலர் கொடுத்து அதை வாங்கினான். வாங்கிய கணமே புழு பரவுவதை நிறுத்தியது. விலாசம் உயிரோடிருந்தால் படுத்துவிட வேண்டும் என்று அதற்குள் எழுதியிருந்ததாம். பழி எல்லாம் கிழட்டு எக்ஸ்பி மேல் விழுந்தது. ஆராய்ந்தபோது வேறு கதை வந்தது. எக்ஸ்பி கணினிகளில் பல, புழு பூட்டுப் போடுவதற்குள் நீலத் திரை காட்டி மயங்கிவிட்டன. விழுந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. மருந்து இரண்டு மாதமாகக் கதவருகே காத்திருக்க, ‘பிறகு’ என்று தட்டப்பட்டவை. உலகம் பாடம் கற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டது. கொழும்பில் ஒரு சேவையகம் அதைக் கேட்கவில்லை.

இலங்கை அரச அலுவலகங்களின் மின்னஞ்சல் 2007இல், மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2003 பதிப்போடு தொடங்கியது. 2014இல் 2013 பதிப்புக்கு மாறியது. இது இயங்குதளமல்ல, அதன்மேல் ஓடும் அஞ்சல் மென்பொருள். ஆனாலும் ஆயுள் விதி ஒன்றேதான். 2021 முதல் புதுப்பிக்கத் திட்டம் இருந்தது. நிதித் தட்டுப்பாட்டாலும் முந்தைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பின்னர் விளக்கியது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற 2022 நடுவில் வந்து போனது. ஒரு நாடே ‘பிறகு’ என்பதைத் தட்டிக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை, புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்பு, எக்ஸ்சேஞ்ச் 2013இன் ஆயுள் முடிந்தது. திருடன் ஆவணி வரை காத்திருந்தான்.

ஒகஸ்ட் மாத இறுதியில் கப்பம் கேட்கும் நிரல் ஒன்று ‘கிளவுட்’ எனப்படும் அரச முகில் சேவையகங்களுக்குள் நுழைந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசின் பெயர் தாங்கிய சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. 12 மணித்தியாலத்துக்குள் சேவை மீண்டது. ஆனால் காப்புப் பிரதியைத் திறந்து பார்த்தபோது அதையும் அந்த நிரல் பூட்டியிருந்தது. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு வேறு பிரதி இல்லை. மூன்று மாதத்துக்கும் மேலாக அதிகாரிகள் எழுதியது, பெற்றது, ஒப்புதல் கொடுத்தது எல்லாம் வெறும் திகதிகளாக மிஞ்சின. இனித் தினமும் வலைக்கு வெளியே பிரதி எடுப்போம், புதிய பதிப்புக்கு மாறுவோம் என்று அறிவிப்பு வந்தது. விண்டோஸ் அப்டேட் பிறந்து அப்போது இருபத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது.

2025 ஒக்டோபர் 14, தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, விண்டோஸ் 10க்கும் இலவச ஒட்டுகளின் காலம் முடிந்தது. அடுத்த பதிப்பு கேட்ட பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள் வாசலிலேயே நின்றன. பணம் கட்டியோ பதிந்துகொண்டோ இன்னும் ஓர் ஆண்டு மருந்து வாங்கும் வழி ஒன்று திறந்தது. அதற்கும் பலர் சொன்ன பதில் பழக்கமானது.

ஹெவ்லொக் வீதிக் கடையின் பழைய கணினிக்கு இந்தச் சங்கடம் எதுவும் இருக்கவில்லை. அதன் விண்டோஸ் 7க்கான வழக்கமான கடைசி இலவச ஒட்டு வந்தது 2020 ஜனவரி 14, தைப்பொங்கலுக்கு முதல் நாள். அன்று முதல் அது முதலாளியிடம் ஒன்றுமே கேட்கவில்லை, கேட்க அதனிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த மதியம் அது பேத்தியின் பெயர், பிறந்த திகதி, தாய் தந்தையின் அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் படித்து அச்சடித்தது. அம்மா பென் டிரைவை மறுபடி கைக்குட்டையில் முடிந்துகொண்டு புறப்பட்டார். பக்கத்தில் புதிய கணினியின் மூலையில், அன்று நான்காவது தடவையாக, பெட்டி எட்டிப் பார்த்தது.

“திரும்பவும் தொடங்கிட்டுது” என்று முதலாளி மௌஸை நோக்கிக் கையை நீட்டினார்.